உஷார்! பனிமேல் மழை பெய்கிறது

நார்வேயிலும் ஸ்வீடனிலும் வெப்பமானி மைனஸ் முப்பதைத் தொட்டால் மனிதர்களுக்குத்தான் கதிகலங்கும். அங்கே புல்வேர்களுக்கு இடையே வாழும் இருபது, முப்பது கிராம் காட்டெலிக்கு அது பெரிய செய்தியே அல்ல. தரையில் முழங்கால் அளவு வெண்பனி கிடந்தால் போதும், அந்த இரவை அது தாண்டிவிடும். அதைக் கொல்வது வேறொன்று. நடுக் குளிர்காலத்தில் திடீரென வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே ஏறுகிறது. பனிமூடிய தரையில் மழை கொட்டுகிறது. ஓரிரு நாளில் எல்லாம் மறுபடி உறைந்துபோகிறது. அத்தோடு எலியின் கதை முடிந்தது.

வட ஐரோப்பாவிலும் ஆர்க்டிக் பகுதியிலும் இந்த விபரீதம் இப்போது அடிக்கடி நடக்கிறது. குளிர் கூடுகிறதா குறைகிறதா என்றுதான் எல்லோரும் விவாதிக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது பனியே இல்லாத குளிரைப் பற்றி. அதில் சின்னஞ்சிறு பாலூட்டிகள் செத்து மடிகின்றன. அவற்றை நம்பி வாழும் ஆந்தையும் நரியும் பட்டினி கிடக்கின்றன. வினை மனிதர்களின் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. ஒஸ்லோ, லண்டன், டொராண்டோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனமாகப் படிப்பது நல்லது.

சிறிய உடல், பெரிய பசி

உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். உடல் வெப்பம் வெளியேறுவது தோல் வழியாகத்தான். எனவே உருவத்தில் சிறிய பிராணிக்கு வெப்ப இழப்பு அதிகம். அதை ஈடுகட்ட வேண்டிய தீனியும் அதிகம். பெரிய மான் பல நாட்கள் அரைவயிற்றோடு சமாளிக்கும். ஐரோப்பிய மூஞ்சூறுக்கு அந்த வசதி இல்லை. பத்து கிராம் அளவே உள்ள அந்த உடலில் கொழுப்பைச் சேர்த்துவைக்க இடம் ஏது? குளிர்கால உறக்கமும் அதற்குக் கிடையாது. இரவும் பகலும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மண்புழுவோ பூச்சியோ வயிற்றுக்குள் போயாக வேண்டும்.

தீனி குறையும் காலத்தைச் சமாளிக்க மூஞ்சூறு செய்யும் வேலை வியப்பானது. தன் உடலையே சுருக்கிக்கொள்கிறது. போலந்து விலங்கியலாளர் ஆகஸ்ட் டேனெல் 1949-இல் இதை வெளியிட்டார். கோடையில் அளந்த மண்டையோடு குளிர்காலத்தில் சுமார் 15 சதவீதம் சிறுத்துவிடுகிறது; மூளையும் கூடவே சுருங்குகிறது. உயிரோடு வசந்தத்தை எட்டிய மூஞ்சூறுக்கு அதில் ஒரு பகுதி திரும்ப வளர்கிறது. மூளையைக் குறைத்தாவது செலவைக் குறைக்க வேண்டிய அளவுக்கு நெருக்கடி என்றால், குளிர்காலத்தில் இந்தப் பிராணிகளின் கணக்கு எவ்வளவு இழுபறியானது என்று பாருங்கள். அந்தக் கணக்கில் ஒரு நாள் தவறினாலும் சாவுதான்.

பனிக்கு அடியில் ஓர் ஊர்

அவற்றை இத்தனை காலமும் காப்பாற்றி வந்தது பனிதான். புதிதாக விழுந்த வெண்பனியில் பெரும்பகுதி காற்று. கம்பளி நம்மைக் காப்பதும் தன் இழைகளுக்குள் சிறைப்பிடித்த காற்றால்தானே. பனியும் அப்படியே தரையைப் போர்த்திவிடுகிறது. சுமார் இருபது சென்டிமீட்டர் கனம் சேர்ந்துவிட்டால், வெளியே மைனஸ் முப்பது அடித்தாலும் பனிக்கு அடியில், தரையை ஒட்டி, பூஜ்ஜியத்தை அடுத்தாற்போலவே இருக்கும்.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. மண்ணுக்குள் மிச்சமிருக்கும் கோடை வெப்பம் மேலே ஏறி, அடிப்பகுதிப் பனியை மெல்ல ஆவியாக்குகிறது. அந்த ஆவி மேலே போய் மறுபடி படிகமாகிறது. இதனால் தரைக்கும் பனிக்கும் நடுவே உதிரி உதிரியான படிகங்களும் வெற்றிடமும் கொண்ட ஓர் அடுக்கு உருவாகிறது. வோல் எனப்படும் குட்டைவால் காட்டெலிகளும் அவற்றின் உறவினமான லெம்மிங்குகளும் மூஞ்சூறுகளும் அதில் வழிகள் அமைத்து, காய்ந்த புல்லில் கூடு கட்டி, பாசியும் புல்லின் அடித்தண்டும் தின்று மாதக்கணக்கில் வாழ்கின்றன. லெம்மிங்குகள் அங்கேயே குட்டியும் போடுகின்றன.

பனியின் ஆழமும் அடர்த்தியும் விலங்குகளின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்று ரஷ்ய இயற்கையியலாளர் ஃபார்மோசோவ் 1946-லேயே ஒரு நூல் எழுதினார். 2013-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் பாலியும் சக ஆய்வாளர்களும் இந்தப் பனியடி உலகத்துக்கு 'சப்நிவியம்' என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்த கட்டுரையிலேயே எச்சரிக்கையும் இருந்தது: இந்தப் புகலிடம் சீரழிந்து வருகிறது.

எப்படிச் சீரழியும்? அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் சில இடங்களில் மட்டும் பனியை வாரி அகற்றினார்கள். குளிர் அவ்வளவாகக் கடுமை காட்டாத ஆண்டுகளில்கூட அந்த இடங்களில் மண் உறைந்தது. 2001-இல் வெளியான அந்த ஆய்வின் சாரம் இதுதான்: உலகம் சூடாகச் சூடாக, பனிப்போர்வை மெலிந்த இடங்களில் மண் குளிர்ந்துபோகும். வெப்பமாகும் உலகத்தில் எலி குளிரில் விறைத்துச் சாவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

மழை செய்யும் கொலை

பனி மெலிவதுகூட மெதுவான ஆபத்து. மழை உடனடி ஆபத்து. பனிமேல் விழும் மழைநீர் உள்ளே இறங்குகிறது, எலிகளின் வழிகளில் தேங்குகிறது, கூடுகளை நனைக்கிறது. நனைந்த ரோமத்துக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சக்தி இல்லை. குளிர் திரும்பியதும் அந்த நீர் தரையோடு தரையாகக் கண்ணாடிபோல் உறைகிறது. பாசியும் புல்லும் பனிக்கட்டிக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. உணவு கண்ணெதிரே இருக்கும், பல்லுக்கு எட்டாது. நனைந்து விறைத்தவை போக மீந்தவை பசியால் போகும்.

ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் இதன் முழு வீச்சும் பதிவானது. அங்கே ஒரு வகை வோல் எலி உண்டு. சுரங்கக் குடியிருப்புகளுக்குக் கப்பலில் வந்த கால்நடைத் தீவனத்தோடு வந்திறங்கியதாகக் கருதப்படும் இனம். அந்த எலியும் கலைமானும் பனிக்கோழியும் தின்பது ஒரே மாதிரி உணவல்ல, உடலளவிலும் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவில்லை. ஆனாலும் பனிமேல் மழை பெய்த குளிர்காலங்களில் மூன்றின் எண்ணிக்கையும் ஒருசேரச் சரிந்தது. மழையால் விழுந்த கலைமான்களின் சடலங்களைத் தின்ற ஆர்க்டிக் நரிக்கு அந்த ஆண்டு விருந்து. அடுத்த ஆண்டு அதுவும் சரிந்தது. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது.

லெம்மிங் பெருகாத ஆண்டுகள்

நார்வேயின் ஹார்டாங்கர் பீடபூமியில், ஒஸ்லோ–பெர்கன் ரயில் பாதையில், 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே என்றொரு நிலையம் இருக்கிறது. சுற்றுவட்டார மலைகளில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை லெம்மிங்குகள் பெருகி வழிவது வழக்கம். 1994-க்குப் பிறகு அந்த வழக்கம் அங்கே முறிந்தது. பெருகவேண்டிய ஆண்டுகள் வந்தன, போயின, லெம்மிங் வரவில்லை. பனியின் தன்மை மாறியதும், தரைக்கும் பனிக்கும் இடையே வெற்றிடம் சரியாக உருவாகாமல் போனதும்தான் காரணம் என்று 2008-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வடகிழக்கு கிரீன்லாந்திலும் 2000-ஐ ஒட்டி லெம்மிங் சுழற்சி குலைந்தது. லெம்மிங் மிகுந்த ஆண்டில்தான் பனி ஆந்தை கூடு கட்டும். சுழற்சி குலைந்த இடங்களில் அதன் குஞ்சு பொரிப்பு ஏறக்குறைய நின்றேபோனது.

லெம்மிங்குகள் கூட்டமாகப் பாறையிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அது கட்டுக்கதை. 1958-இல் வந்த டிஸ்னியின் 'ஒயிட் வைல்டர்னஸ்' படம் அதை உலகெங்கும் பரப்பியது. அந்தக் காட்சி படத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்டது. எந்த லெம்மிங்கும் சாக விரும்பி ஓடுவதில்லை.

"எலி குறைந்தால் நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நெல்வயலையும் அரிசி மூட்டையையும் நினைத்துக் கேட்கிறார்கள். வடக்கு மலைகளில் கதை வேறு. அங்கே ஆந்தை, நரி, கீரி போன்ற வீசல் அனைத்துக்கும் இந்தச் சிறு பிராணிகளே அன்றாடச் சோறு. அவை இல்லாத ஆண்டில் வேட்டை விலங்குகள் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைமீதும் குஞ்சுமீதும் பாய்கின்றன. அடியில் ஒரு செங்கல் உருவப்படுகிறது. மேலே எது இடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

வெள்ளை ரோமம், பழுப்புத் தரை

பனி இல்லாமல் போனால் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. வட அமெரிக்காவின் பனிக்காலணி முயல் குளிர்காலத்துக்கு முன் வெள்ளை ரோமத்துக்கு மாறுகிறது. மாறும் நேரத்தைத் தீர்மானிப்பது பகல்பொழுதின் நீளம்; பனி விழுந்ததா என்று முயல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பனி பிந்தி விழுந்தாலும், முந்தி உருகினாலும், பழுப்புக் காட்டில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரியும். மொன்டானாவில் ஆய்வாளர் ஸ்காட் மில்ஸின் குழு இதை அளந்தது. நிறம் பொருந்தாத முயல் வாரந்தோறும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைகிறது. ஒரு வாரத்துக்கு 7. பல வாரங்கள் நீண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். போலந்தின் பியாவோவியெஜா காட்டில் வெள்ளையாக மாறும் வீசல்களுக்கும் இதே தலைவிதி.

உறங்குபவர்களுக்கும் ஆபத்து

குளிர்கால உறக்கத்தில் இருப்பவை தப்பிவிடும் என்று நினைக்கலாம். உறங்கத் தெரிந்த பிராணிக்குக் குளிர் எதிரியே அல்ல என்பது உண்மைதான். அலாஸ்காவின் ஆர்க்டிக் தரை அணில் உறங்கும்போது அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குகிறது, ஆனாலும் சாவதில்லை. பிரிட்டனின் முள்ளெலிக்கு நிமிடத்துக்கு 190 தடவை துடிக்கும் இதயம், உறக்கத்தில் இருபது வரை குறைந்துவிடுகிறது. ஆபத்து தூக்கம் கலைவதில் இருக்கிறது. ஒவ்வொரு விழிப்பிலும் உடலைச் சூடேற்றக் கொழுப்பு எரிகிறது. ஜனவரியில் நான்கு நாள் வெயில் காய்ந்து, விழித்து, வெளியே வந்தால் தின்னப் பூச்சி இல்லை. சேமிப்பும் போய், வரவும் இல்லை.

பிரிட்டனில் குளிர்காலத்தில் உறங்கும் சிறு கொறிணியான ஹேசல் டார்மவுஸின் எண்ணிக்கை 2000-க்குப் பிறகு சுமார் 70 சதவீதம் சரிந்துவிட்டது. ஐரோப்பிய முள்ளெலியை 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 'அச்சுறுத்தலை நெருங்கும்' இனங்களில் சேர்த்தது. வேலிப் புதர்கள் அழிந்தது, சாலைகள் பெருகியது, பராமரிப்பில்லாத காடு ஆகியவையும் இந்தச் சரிவுகளுக்குப் பெரிய காரணங்கள். ஏற்கெனவே மெலிந்த கூட்டத்தின்மேல் கோணல் குளிர்காலம் வந்து விழுகிறது என்பதே கவலை.

கடுங்குளிர் யாரையும் கொல்லாது என்று சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் இருக்கும் எலிகளில் பெரும்பகுதி எப்போதுமே வசந்தத்தைப் பார்ப்பதில்லை. மிஞ்சும் சொற்பத்திலிருந்து கோடையில் கூட்டம் மறுபடி பெருகும். அது இயற்கையின் பழைய ஏற்பாடு. அந்தச் சொற்பமும் மிஞ்சாமல் போவதுதான் புதிது.

உஷார்: வினை வீட்டுக்குள் வரும்

2006 டிசம்பரில் வடக்கு ஸ்வீடனில் வழக்கத்துக்கு மாறான வெதுவெதுப்பு, மழை, பிறகு உறைவு. பனியடிப் புகலிடத்தை இழந்த வோல் எலிகள் கொட்டகைகளிலும் வீடுகளிலும் நுழைந்தன. அவற்றோடு பூமாலா வைரஸும் நுழைந்தது. எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூச்சோடு உள்ளே போனால் கடும் காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரகப் பாதிப்பு. 2007-இல் உமியோ நகரை உள்ளடக்கிய வெஸ்டர்போட்டன் பகுதியில் இந்தக் காய்ச்சல் அதுவரை காணாத அளவுக்குப் பரவியது. இறப்பு அரிது, ஆனால் பலர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார்கள்.

எனவே குளிர்நாடுகளில் இருப்போர் கவனிக்க வேண்டியவை:

1. பூட்டிக் கிடந்த கொட்டகை, கோடைவீடு, கார் ஷெட் ஆகியவற்றைத் திறந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். வாக்யூம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே தூசியைக் கிளப்பும். கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விடுங்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, புழுக்கை கிடக்கும் இடத்தைக் கிருமிநாசினியால் நனைத்து, ஊறவிட்டுப் பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். அடுத்த சில வாரங்களில் திடீர்க் காய்ச்சல் வந்தால் எலிப் புழுக்கையைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

2. எலி நுழைகிறது என்று விஷம் வைக்க ஓடாதீர்கள். விஷம் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை தூக்கினால் விஷம் அதற்கும் போகும். சுவர் ஓட்டைகளை அடையுங்கள், தானியத்தையும் பறவைத் தீனியையும் மூடிய டப்பாவில் வையுங்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

3. ஸ்னோமொபைலோ ஸ்கீயோ எதில் போனாலும் குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள். மிதிபட்டு இறுகிய பனியில் காற்று இல்லை. அடியில் இருக்கும் வெற்றிடம் நசுங்கிவிடும். உங்களுக்கு அது வெறும் வெள்ளை வெளி. கீழே ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆல்ப்ஸில் பனியை இறுக்கிய இடங்களில் சிறு பாலூட்டிகள் பெருமளவு குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

4. பிரிட்டனில் இருப்பவர்கள், நவம்பர் 5 அன்று கொளுத்தும் சொக்கப்பனைக்கு முன்னதாகவே விறகைக் குவித்துவைக்காதீர்கள், அன்றே அடுக்குங்கள். குவித்தாகிவிட்டது என்றால் கொளுத்தும் முன் இடம் மாற்றி அடுக்குங்கள். அதற்குள் முள்ளெலி படுத்திருக்கக்கூடும்.

5. முள்ளெலிக்குப் பால் வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தத் தவறு அதற்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். ஆழமில்லாத தட்டில் தண்ணீரும், இறைச்சி அடங்கிய பூனைத் தீனியும் போதும். குளிர்காலப் பகலில் வெளியே தள்ளாடும் முள்ளெலிக்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம். நவம்பர் வந்தும் 450 கிராம் எட்டாத குட்டியும் குளிரைத் தாண்டுவது கடினம். நீங்களே வளர்க்க முயலாமல் உள்ளூர் வன உயிர் மீட்புக் குழுவை அழையுங்கள்.

6. தோட்டத்தின் ஒரு மூலையையாவது பெருக்காமல் விடுங்கள். சருகுக் குவியல், உலர்ந்த புல், மரக்கட்டை: பனி ஏமாற்றும் ஆண்டில் சிறு உயிர்களுக்கு மிச்சமிருக்கும் போர்வை அவ்வளவுதான்.

7. குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்கும் குகைகளுக்குள் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள். 2006-இல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் முதன்முதலாகப் பதிவான வெண்மூக்கு நோய், வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அந்தப் பூஞ்சை அவற்றை உறக்கத்திலிருந்து மறுபடி மறுபடி எழுப்பி, கொழுப்பைக் கரைத்தே கொல்கிறது. பூஞ்சை போதும், நீங்களும் போய் எழுப்ப வேண்டாம்.

இந்த ஏழும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் சில உயிர்களைக் காப்பாற்றும். ஒரு குடும்பத்தைக் காய்ச்சலிலிருந்தும் காப்பாற்றலாம். ஃபின்சே மலைகளுக்குப் பழைய பனியை இவை திருப்பித் தராது. அது நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரிப்பது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பொறுத்தது. நார்வே எண்ணெய் விற்கும் நாடு, கனடாவும் அப்படியே. அங்கே குடியுரிமை பெற்று வாக்குச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் வரி, வீட்டு வாடகை, பள்ளி பற்றியெல்லாம் கேட்கத்தான் போகிறீர்கள். எண்ணெய்க் கிணறுகளை எப்போது மூடப் போகிறீர்கள் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், உஷார்!